பூவைப் பார்த்து உருளைக்கிழங்கைக் கிண்டாதீர்கள்

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தியிலோ நாலு உரப்பையிலோ உருளைக்கிழங்கு போட்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "செடி நல்லாத்தான் இருக்கு, பூவே வரல, கிழங்கு விழுமா?"

விழும். கிழங்கு என்பது பூவிலிருந்து வருகிற காய் இல்லை, மண்ணுக்குள் ஓடுகிற தண்டின் நுனி பருத்து வருவது. பூ வராமலே பை நிறையக் கிழங்கு கிடைக்கும், பூத்துக் குலுங்கிய செடியின் அடியில் கோலிக்குண்டு அளவில் நாலைந்து மட்டும் கிடப்பதும் உண்டு. அதனால் பூ இல்லை என்று செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோக்களிலிருந்து வருகிறது. ஐரோப்பாவில் கோடையில் பகல் 16 மணி நேரம் வரைக்கும் நீளும், நீண்ட பகல் உருளைச் செடியைப் பூக்க வைக்கும், அங்கே பூவைக் கணக்கு வைத்து கிழங்கு எடுப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டித்தான். இந்தப் பகலும் மலையகத்துக் குளிர்ந்த இரவும் கிழங்கு கட்டுவதற்கு நல்லது, பூவுக்கு அவ்வளவாக இல்லை. மொட்டு வந்து விரியாமலே உதிர்ந்தாலும் பயப்பட வேண்டாம். இனத்துக்கு இனமும் இது மாறும், நம் பக்கம் அதிகம் போடுகிற கிரனோலாவும் சிவப்புத் தோல் டெசிரேயும் ஒரே மாதிரிப் பூக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பூ வரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுகிறார்களே, அது இன்னும் மோசம். இலைதான் தழைக்கும், கிழங்கு கட்டுவது தள்ளிப்போகும், மழையும் மூடுபனியும் சேர்ந்த நாளில் அந்த அடர்ந்த இலைக்குள் ஈரம் காயாமல் கருகல் நோய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

சரி, பூ வந்துவிட்டது, உடனே கிண்டலாமா? கூடாது. கிழங்கு பருக்க ஆரம்பிக்கிற நேரம் அது, அப்போதுதான் தண்ணீர் ஒழுங்காக வேண்டும். பூத்தாச்சு இனி எதற்கு என்று நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துக் காய்ந்த மண்ணில் ஒரேயடியாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், கோணலாகப் போகும். செடியின் அடியில் மண்ணைக் கூட்டி அணைப்பதைப் பூக்கும் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். வெளியே தெரிகிற கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகும், பச்சையானது கசக்கும், அதிலுள்ள சோலனைன் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது.

எடுக்கிற நேரத்தை இலைதான் சொல்லும். நட்டு மூன்று, மூன்றரை மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாயும். (ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைப் பனியில் இலை கருகுவது வேறு, அதை முற்றியதாக எண்ணிவிடாதீர்கள்.) ஒரு செடியின் ஓரத்தில் கையால் மண்ணைத் தள்ளி ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் தேயுங்கள், தோல் உரிந்தால் இன்னும் முற்றவில்லை. கறிக்கு இரண்டு எடுக்கலாம், சேமித்து வைக்க முடியாது. இலை காய்ந்த பிறகும் ஒன்றரை, இரண்டு வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டால் தோல் இறுகும்.

பூவைக் கிள்ளினால் கிழங்கு பெருக்கும் என்கிறார்கள். வீட்டுப் பாத்தியில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, விட்டுவிடுங்கள்.

ஆனால் பூ உதிர்ந்த இடத்தில் சில சமயம் சின்னப் பச்சைத் தக்காளி மாதிரிக் காய் வரும். அதைக் கட்டாயம் கிள்ளிப் புதைத்துவிடுங்கள். தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம் என்பதால் பார்வைக்கு அச்சு அசல் அப்படியே இருக்கும், பிள்ளைகள் பறித்து வாயில் போட்டுவிடுவார்கள். அதிலும் சோலனைன் இருக்கிறது, வாந்தி, வயிற்று வலி, பேதி வரும். தின்றுவிட்டதாகத் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த போகத்துக்கு வைப்பதிலும் பயன் இல்லை, முளைத்தாலும் தாய்ச்செடியின் குணத்தோடு வராது. நோயில்லாத விதைக்கிழங்கு வாங்கியே நடுங்கள்.