ஐந்தாம் வகுப்புக் கணக்கிற்குக் காகிதத்திலேயே ஒரு தகவமைப்புத் தேர்வு: அமைக்கும் முறை

கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறும் மாணவரும் பின்னங்களை எளிதாகக் கூட்டும் மாணவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் வகுப்பில், இருவருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தால், முதலாமவருக்கு எவையெல்லாம் தெரியாது என்பது மட்டுமே ஆசிரியருக்குக் கிடைக்கிறது. இரண்டாமவரைப் பற்றிப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. மாணவர் அளிக்கும் விடையைப் பொறுத்து அடுத்து வரும் வினாக்களின் கடினத்தை மாற்றுவதே தகவமைப்புத் தேர்வு. இதற்குக் கணினி ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அது உண்மையன்று. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை அறிய நடத்திவரும் ஏசர் (ASER) கணக்கெடுப்பில், குழந்தை முதலில் இரண்டிலக்கக் கழித்தல் செய்கிறது. செய்துவிட்டால் வகுத்தலுக்குச் செல்கிறது, இல்லையெனில் எண்களை அடையாளம் காணும் நிலைக்கு இறங்குகிறது. இவ்வளவும் ஒற்றைத் தாளில் முடிகிறது.

எழுத்துத் தேர்வுக்கு இதே முறையை இரு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. முதற்கட்டத்தில் அனைவருக்கும் பொதுவான 8 வினாக்கள் இருக்கட்டும்: இரண்டு மூன்றாம் வகுப்பு நிலையிலும், நான்கு நடுத்தரமாகவும், இரண்டு சற்றுக் கடினமாகவும் அமையலாம். அவற்றை உடனே திருத்தி, 0 முதல் 3 வரை சரியாகச் செய்தவர்களுக்கு ஒரு தாளும், 4 முதல் 6 வரை செய்தவர்களுக்கு இன்னொன்றும், 7 அல்லது 8 செய்தவர்களுக்கு மூன்றாவதும் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 12 வினாக்கள். அடுத்தடுத்த நிலையிலுள்ள தாள்களுக்கிடையே 4 வினாக்கள் பொதுவானவை. ஆக, ஒரு மாணவர் எழுதுவது 20 வினாக்கள்; இரு தாள்களில் வரும் வினாக்களை ஒரு முறை மட்டும் எண்ணினால், ஆசிரியர் தயாரிக்க வேண்டியவை 36. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இடைவேளையை வைத்துக்கொண்டால் திருத்த நேரம் கிடைக்கும். தாள்களுக்கு எண்ணோ எழுத்தோ இட வேண்டாம்; முல்லை, தாமரை, செவ்வந்தி என்பது போல ஏற்றத்தாழ்வு காட்டாத பெயர்களே நல்லவை, ஏனெனில் ‘எளிய தாள்’ யாருக்குப் போயிற்று என்பதைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வினாக்களின் கடினத்தை ஆசிரியரின் ஊகத்தால் தீர்மானிக்கக் கூடாது. முந்தைய ஆண்டு விடைத்தாள்களிலோ பக்கத்துப் பள்ளியிலோ அவ்வினாவை எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜியார்ஜ் ராஷ் 1960-இல் வெளியிட்ட அளவீட்டு மாதிரியின்படி, ஒரு வினா தரும் தகவலின் அளவு, மாணவர் அதைச் சரியாகச் செய்யும் வாய்ப்பையும் தவறவிடும் வாய்ப்பையும் பெருக்கினால் வரும். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள வினா 0.25 அளவு தகவல் தருகிறது. பத்தில் ஒன்பது முறை சரியாகிவிடும் வினா 0.09 மட்டுமே தருகிறது. அப்படியானால் எல்லா வினாக்களும் பாதிக்குப் பாதியாக இருக்கட்டும் என்று தோன்றலாம். ஆனால், எழுதியதில் பாதி தவறாகிப்போகும் தேர்விலிருந்து பத்து வயதுக் குழந்தை எந்த மனநிலையில் எழுந்து செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். பத்தில் ஏழு முறை சரியாகும் வினாவும் 0.21 தருகிறது. துல்லியத்தில் இழப்பு சிறிது, குழந்தையின் ஊக்கத்தில் கிடைக்கும் ஆதாயம் பெரிது. ஆகவே ஒவ்வொரு தாளையும் அதை எழுதப்போகும் மாணவருக்குச் சற்று எளிதாகவே அமைப்பது என் பரிந்துரை.

இம்முறையின் மிகப் பெரிய ஆபத்து தொடக்கத்திலேயே தவறான தாளுக்கு அனுப்பிவிடுவதாகும். காய்ச்சலோடு வந்த மாணவரோ, பதற்றத்தில் முதல் இரண்டு வினாக்களைக் கோட்டை விட்டவரோ எளிய தாளில் சிக்கிக்கொண்டால், அவருடைய திறனைக் காட்ட வழியே இருக்காது. எளிய தாளில் 12-க்கு 10-க்கு மேல் பெற்றவருக்கு நடுத்தரத் தாளையும் மறுநாள் கொடுங்கள். கடினத் தாளில் 3-ஐத் தாண்டாதவருக்கும் அவ்வாறே செய்யுங்கள். செயலியைப் பயன்படுத்தும் பள்ளிகள், விடையளித்த வினாவுக்கு மாணவர் திரும்பிச் செல்ல அது அனுமதிக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் கடினத்தை மாற்றும் செயலிகளில் பெரும்பாலும் அதற்கு இடமிருப்பதில்லை. தெரிந்ததை முதலில் எழுதிவிட்டு விட்டதற்குத் திரும்பும் பழக்கமுள்ள நம் மாணவர்களை இது பாதிக்கும்.

தாள் மாறினால் மட்டும் நியாயம் வந்துவிடாது. வினாவின் சொற்களையும் பார்க்க வேண்டும். ‘3 ஓவர்களில் எத்தனை பந்துகள்?’ என்ற வினா பெருக்கலைச் சோதிப்பதாகத் தோன்றினாலும், ஓர் ஓவருக்கு 6 பந்துகள் என்று அறியாத குழந்தையிடம் அது கிரிக்கெட்டையே சோதிக்கிறது. இத்தகைய வினாக்களைக் கண்டுபிடிக்க, மொத்த மதிப்பெண் ஏறத்தாழ ஒத்திருக்கும் மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுள் மாணவியரும் மாணவரும், அல்லது வீட்டில் தமிழ் பேசுவோரும் பிற மொழி பேசுவோரும், குறிப்பிட்ட வினாவில் பெரிதும் வேறுபடுகிறார்களா என்று ஒப்பிட வேண்டும். திறன் ஒத்திருந்தும் விடை வேறுபட்டால், வினாவைத் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். தகவமைப்புத் தேர்வில் இச்சோதனை இன்னும் முக்கியமானது, ஏனெனில் முதற்கட்டத்தில் உள்ள ஒரு பழுதான வினா, அதன் பின் வரும் தாளையே மாற்றிவிடும்.

மாற்றுத்திறன் மாணவர்களுக்கு, தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடம் கூடுதல் என்ற ஈடுசெய் நேரத்தை இரு கட்டங்களிலும் தனித்தனியே கணக்கிட்டு அளிக்க வேண்டும். பார்வைக் குறையுள்ளவருக்குப் பட வினாவை நீக்கிவிடாமல், அதே கடினத்தில் படமில்லாத வினாவை வைக்க வேண்டும். கணக்கு வினாவை வாசித்துக் காட்டுவதால் கணக்குத் திறன் மறையாது. ஆனால் இதே முறையைத் தமிழ் வாசிப்புத் தேர்வுக்குக் கொண்டுசென்றால், அறிவுரைகளை மட்டுமே வாசித்துக் காட்டலாம், பத்தியை வாசித்துக் காட்டினால் அளக்க வந்ததே போய்விடும்.

முடிவை எழுதும்போது மூன்று தாள்களின் மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவோ, தரவரிசைப்படுத்தவோ கூடாது. எளிய தாளின் 9-உம் கடினத் தாளின் 9-உம் ஒன்றல்ல. பொது வினாக்களைக் கொண்டு ஒரே அளவுகோலில் இணைக்கலாம் என்றாலும், 30 பேர் உள்ள ஒரு வகுப்பின் விடைகள் அதற்குப் போதா. அதனால் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, ‘52-இலிருந்து 27-ஐக் கழிக்கும்போது 35 என்று எழுதுகிறார், ஒன்றுகள் இடத்தில் சிறிய எண்ணைப் பெரியதிலிருந்து கழித்துவிடுகிறார்’ என்பது போல எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். எந்த மாணவர் எந்தத் தாளை எழுதினார் என்பதைப் பதிவேட்டில் குறித்து வைத்து, அடுத்த பருவத்தில் அவருக்கு அதே வினாக்கள் மீண்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளை முடிவு செய்ய அப்போதும் முதற்கட்ட வினாக்களையே நாடுங்கள், பழைய பதிவேட்டை அல்ல.