பொன்னியின் செல்வனை மறுபடியும் படிக்கிறீர்களா? இதையெல்லாம் தவிர்க்கலாம்

பள்ளி நாட்களில் பொன்னியின் செல்வனைப் படித்தவர்கள் பெரும்பாலும் கதாநாயகன் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடியவர்கள். பிடிபடுவானா, தப்புவானா? அது தெரிந்தால் போதும். வர்ணனை வந்தால் நாலு பக்கம் தள்ளிவிடுவோம். போதாததற்கு, நூலகத்தில் அடுத்த பாகத்தை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பதற்றம் வேறு. நாற்பது வயதில் அதே வேகத்தில் மறுபடியும் ஓடுவதுதான் முதல் தவறு.

இது கல்கி இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 வரை தொடராக வந்த கதை. கிட்டத்தட்ட 300 அத்தியாயங்கள். வாரம் ஓரிரு அத்தியாயமாகக் காத்திருந்து படித்தவர்களுக்காக எழுதியது என்பதால், முன்கதையை எழுத்தாளர் கல்கி அடிக்கடி நினைவூட்டுவார். அத்தியாயத்தின் கடைசி வரியில் யாராவது வீறிடுவார்கள். வார இறுதியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தால் இவை எரிச்சலூட்டும். 'கல்கி இவ்வளவு வளவளவென்றா எழுதினார்?' என்று தோன்றிவிடும். இரவுக்கு இரண்டு அத்தியாயம் போதும்.

அடுத்தது, அன்று யார் பக்கம் நின்றோமோ இன்றும் அவர் பக்கமே நிற்பது. பெரிய பழுவேட்டரையரையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதில் அவர் வெறும் வில்லன், இளம்பெண்ணை மணந்து ஏமாறும் கிழவர், அவ்வளவுதான். உடம்பில் 64 விழுப்புண் பட்ட மனிதர் என்று கல்கி சொல்வது அப்போது காதில் விழுந்திருக்காது. அந்த இளம் மனைவி நந்தினியின் சதியைப் பற்றித் தன் காதாலேயே கேட்டுவிடும் இடத்தை இப்போது நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆயுசு முழுக்க சோழ குலத்துக்கு உழைத்தவர், அதே குலத்தின் அழிவுக்குத் தன் அரண்மனையே வழிவிட்டதை அறிகிறார். என்னைக் கேட்டால், ஐந்து பாகங்களிலும் கல்கி அதிகம் உழைத்த பாத்திரம் அவர்தான். தன் மகன் மதுராந்தகனுக்கே அரியணை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் செம்பியன் மாதேவியும் அப்படித்தான். அன்று வெறும் பக்தைப் பாட்டியாகத் தெரிந்தவர்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இங்கே இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். நந்தினியையும் பூங்குழலியையும் நிஜ மனிதர்கள் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். 'எல்லாம் கட்டுக்கதை' என்று மூடிவைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். நந்தினி கற்பனைதான். ஆனால் கதையில் சதிகாரனாக வரும் ரவிதாசன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்கிறது. கதையின் முதல் காட்சியில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீராணம் ஏரியும் அந்தப் பக்கம்தான்.

கொலைக்குப் பின்னால் யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார். அந்த உத்தம சோழனுக்குத்தான் கரிகாலனின் தம்பி அருண்மொழி, அதாவது பின்னாளின் ராஜராஜன், கதையில் அரியணையை விட்டுக்கொடுக்கிறான். கொலைப்பழி நிழலாடும் ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் தியாகம் எடுபடுமா? கல்கி என்ன செய்தார் பாருங்கள்: உத்தம சோழன் என்று பின்னாளில் பெயர் பெறும் மதுராந்தகனை இரண்டு ஆட்களாக்கிவிட்டார். ஆசைப்படுகிறவன் ஒருவன், முடி சூடுகிறவன் வேறொருவன். பள்ளியில் இது வெறும் ஆள்மாறாட்டத் திருப்பம். சாஸ்திரி சொன்னதைத் தெரிந்துகொண்டு படித்தால், கதாசிரியர் ஒரு சிக்கலிலிருந்து நழுவும் சாமர்த்தியம் தெரியும்.

2022, 2023-இல் வந்த படங்களின் முகங்கள் குறுக்கே வந்து நிற்கும். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம், நூறு பக்கத்தில் கலைந்துவிடும். பதிப்பில்தான் கவனம் தேவை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. சுருக்கிய பதிப்புகளும் கடையில் கிடைக்கின்றன. அட்டையைப் பார்த்து வாங்காமல், ஐந்து பாகமும் முழுசாக இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். யார் வீட்டுப் பரணிலாவது மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்த பழைய தொகுப்பு இருந்தால், கெஞ்சியாவது வாங்கிவிடுங்கள்.

அப்புறம், கடைசியில் வரும் முடிவுரையைத் தாண்டிவிடாதீர்கள். கதை திடீரென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டதற்கு, ஒவ்வொரு பாத்திரமும் பிறகு என்ன ஆனது என்று கல்கியே அதில் பதில் சொல்கிறார்.