வேலையில் அடிபட்டால்: இழப்பீட்டைக் கெடுக்கும் தவறுகள்

சாரத்திலிருந்து ஒருவர் விழுகிறார். ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி காதைக் கடிக்கிறார்: "வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு." பல வழக்குகள் கெட்டுப்போவது இங்கேதான். டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அந்த வரி ஏறிவிட்டால், பிறகு விசாரணையில் அதுவே எதிர்ச்சாட்சி. எங்கே, என்ன வேலையில் அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள்; ஏ.ஆர். காப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, உயிர் போன வீட்டில் நடப்பது. காரியத்துக்கு வரும் முதலாளி ரொக்கத்தைக் கொடுத்து, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவார். இதில் இரு தரப்புக்கும் நஷ்டம். மரண இழப்பீட்டை அரசு நியமித்த அதிகாரியிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். கையில் கொடுத்தது இழப்பீடாகச் சேராது. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணத்தை மட்டும் கழிக்கலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிய பத்திரமும் செல்லாது. ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று குடும்பம் நம்பிவிடுகிறது. கோருவதற்கான இரண்டு வருடக் கெடுவும் ஓடிவிடுகிறது.

கணக்கிலும் கவனம் வேண்டும். இழப்பீட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 8,000 ரூபாய் என்று இன்னும் பலர் போடுகிறார்கள். 2020 ஜனவரி 3 முதல் அது 15,000. இறந்தவருக்கு வயது 40, சம்பளம் 20,000 என்றால், 15,000இல் பாதியை சட்டத்தின் அட்டவணையில் அந்த வயதுக்குரிய எண்ணான 184.17ஆல் பெருக்க வேண்டும்: 13,81,275 ரூபாய். பழைய வரம்பில் போட்டால் 7,36,680தான் வரும். பாதிக்குப் பாதி போச்சு!

உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் சினிமா தியேட்டரில் வேலை பார்த்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து, முழங்கைக்கு மேலே இடது கையை இழந்தார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அதை முழு ஊனமாகக் கருதியது சரியே என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவச் சான்றிதழோடு நிற்காமல், என்ன வேலை செய்தீர்கள், அதில் எதை இனிமேல் செய்ய முடியாது என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

"அவன் கான்ட்ராக்டர் ஆள், எங்க ஆள் இல்ல" என்று கம்பெனி சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். கம்பெனியின் தொழில் சார்ந்த வேலை என்றால் அதுவும் பொறுப்பு. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவானவராக இருந்தால் மட்டும் வழி வேறு. பலன்களை அங்கேதான் கேட்க வேண்டும்.

அப்புறம், எந்தச் சட்டம் என்ற குழப்பம். 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகவர நேரும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலையோடு பொருந்தினால், இதில் அடங்கும். அந்தத் தேதிக்கு முந்தைய விபத்து என்றால் பழைய 1923ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதனால் மனுவில் விபத்துத் தேதியை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்; மனு கொடுத்த தேதியை வைத்துச் சட்டம் மாறாது.