மேம்பாலத்தை அகற்றச் சொல்லும் முன்: எல்லையோர ஊர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டத்தில் பம்மத்துக்கும் வெட்டுமணிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்தில் அமைந்துள்ள இரும்பு மேம்பாலம் 2019 மார்ச் மாதம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் அடியில் கடை வைத்திருப்பவரிடம் கேட்டால், ஊருக்குள் இறங்கிச் சாமான் வாங்கிப் போன கூட்டமெல்லாம் இப்போது தலைக்கு மேலே போய்விடுகிறது என்பார். நாள்தோறும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவரோ, பாலம் இல்லாத காலத்தில் அந்தச் சந்திப்பைக் கடப்பதற்குள் பட்ட பாட்டைச் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மைதான். இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில்தான், உலகின் பல நகரங்கள் தங்கள் நெடுஞ்சாலைகளை இடித்த செய்தி நம் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்து, "தென்கொரியாவின் சியோலில் செய்தார்களே, இங்கே ஏன் முடியாது?" என்ற கேள்வியை எழுப்பியிருக்கிறது.

சந்தையின் தலைக்கு மேல் நெடுஞ்சாலை ஓடக்கூடாது என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தக் கோரிக்கையைத் தவறாக எழுப்பினால் விலை கொடுப்பவர்கள் வாடகைக் கடைக்காரர்களும் தெருவோர வியாபாரிகளுமே என்பதை, இடித்து முடித்த நகரங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நெடுஞ்சாலை வந்தபோது இழந்தவர்களே அது போகும்போதும் இழந்திருக்கிறார்கள்.

முதல் தவறு, யார் எங்கே போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமலேயே இடிக்கலாமா வேண்டாமா என்று கட்சி பிரிவது. ஒரு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளில், ஊரைக் கடந்து செல்பவை ஒரு வகை, ஊருக்கு வருபவை இன்னொரு வகை. நம் பகுதியில் கடந்து செல்பவற்றில், கனிமவளம் ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் கனரக லாரிகள் தனியாகக் கணக்கிடப்பட வேண்டியவை. விழிஞ்ஞம் துறைமுகம் 2025-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு சரக்குப் போக்குவரத்தின் தேவையும் மாறிக்கொண்டிருக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து எல்லையை ஒட்டிய காரோடு என்ற ஊர் வரை கேரளப் பகுதியில் புறவழிச்சாலை அமைந்துவிட்டது. எல்லைக்கு இப்பால் அதன் தொடர்ச்சியான நான்குவழிச் சாலைப் பணியோ ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. அது முழுமையடையும் வரை, கடந்து செல்லும் வண்டிகளும் பழைய சாலைக்கே வந்தாக வேண்டும். ஆகையால் புறவழிச்சாலை முடியாத நிலையில் மேம்பாலத்தை அகற்றச் சொல்வது, லாரிகளை மீண்டும் சந்தைக்கு நடுவே இறக்கிவிடச் சொல்வதாகவே முடியும். ஒரே சந்திப்பில் நின்று வண்டிகளை எண்ணினால் இந்த வேறுபாடு புலப்படாது. ஊரின் இரு முனைகளிலும் பதிவெண்களைக் குறித்துக்கொண்டு, இடையில் நிற்காமல் போனவை எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு அடுத்தபடியாக, வண்டிகளைத் தண்ணீராக நினைக்கும் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மடையை அடைத்தால் அவ்வளவு தண்ணீரும் அடுத்த மடையில்தான் பாயும் என்பது குளத்துப் பாசனத்துக்குப் பொருந்தும். வண்டி ஓட்டுகிறவர் மனிதர். அவர் நேரத்தை மாற்றுவார், பேருந்தில் ஏறுவார், இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடிப்பார், சில பயணங்களை விட்டேவிடுவார். பிரிட்டனில் சாலி கெய்ர்ன்ஸ், ஃபில் குட்வின் முதலிய ஆய்வாளர்கள் 1998-இல் தொடங்கி 2002-இல் விரிவுபடுத்திய ஆய்வு, 11 நாடுகளைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்தது. சாலையின் இடம் குறைக்கப்பட்ட இடங்களில் பாதியில், சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், 11 சதவீதத்துக்கு மேல் வண்டிகள் குறைந்திருந்ததாக அது கண்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நாளொன்றுக்குச் சுமார் 90,000 வண்டிகள் ஓடிய கடற்கரை மேம்பாலம் 2019 ஜனவரி 11 அன்று மூடப்பட்டு, அதற்கு மாற்றான சுரங்கச்சாலை பிப்ரவரி 4 அன்றுதான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்று வாரங்களில் நகரமே நின்றுவிடும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நெரிசல் தானாகவே ஆவியாகிவிடும் என்று நம்புவது எதிர்ப்பக்கத்துத் தவறு. சியாட்டில் மக்கள் அந்த வாரங்களில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், வீட்டிலிருந்து வேலை செய்தார்கள், பேருந்தையும் மிதிவண்டியையும் நாடினார்கள். சியோலில் சொங்கெச்சொன் ஓடையின் மேலிருந்த உயர்மட்டச் சாலை 2003 ஜூலை மாதம் இடிக்கப்படத் தொடங்கியது. மறு ஆண்டே நகரின் பேருந்து அமைப்பு முழுவதும் மாற்றியமைக்கப்பட்டு, சாலை நடுவே பேருந்துகளுக்கென்று தனித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. சாலையை எடுத்ததும் பேருந்தைக் கொடுத்ததும் ஒரே திட்டத்தின் இரு கைகள். நம் எல்லையில் தமிழ்நாட்டுப் பேருந்தும் கேரளப் பேருந்தும் வெவ்வேறு நிர்வாகங்களின் கீழ் ஓடுகின்றன. மருத்துவக் கல்லூரிக்குப் போகும் நோயாளியும் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனாரும் இரண்டையும் நம்பியே வாழ்கிறார்கள். இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசாமல் ஒரு மாநிலம் மட்டும் சாலையைச் சுருக்கினால், ஆவியாவது வண்டிகள் அல்ல, இவர்களுடைய கூலியும் நேரமும்தான்.

விரிசல் விழும் வரை காத்திருப்பது இன்னொரு தவறு. சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ உயர்மட்டச் சாலையை இடிப்பதை அந்நகர வாக்காளர்கள் 1986-இல் நிராகரித்தார்கள். 1989 அக்டோபர் 17 நிலநடுக்கம் அதைச் சேதப்படுத்திய பிறகே முடிவு மாறி, 1991-இல் அது இடிக்கப்பட்டது. நியூயார்க்கின் மேற்குக் கரையில் இருந்த உயர்மட்டச் சாலையின் ஒரு பகுதி 1973 டிசம்பரில், அதைச் செப்பனிடத் தார்க்கலவை ஏற்றி வந்த லாரியோடு சேர்ந்தே இடிந்து விழுந்தது. அதன் இடத்தில் தரைமட்டச் சாலை முழுமையடைவதற்குள் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நமக்கு அருகிலேயே, 2016-இல் திறக்கப்பட்ட கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் கட்டுமானக் குறைபாட்டால் 2019-இல் மூடப்பட்டு, பெரும்பகுதி பிரித்துக் கட்டப்பட்டு, 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு பாலம் பழுதாகும்போது பொறியாளர்களின் அவசரமே மேலோங்கும். அந்த நேரத்தில், அங்கே பாலம் தேவையா என்ற கேள்வியைக் கேட்க யாருக்கும் பொழுது இருப்பதில்லை. பெரும்பழுது வருவதற்கு முன்பே ஊரிடம் மாற்றுத் திட்டம் எழுத்தில் இருந்தால்தான், செப்பனிடும் செலவையும் அகற்றும் செலவையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும்.

காலியாகும் நிலம் யாருக்கு?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அகற்றுவதைப் போக்குவரத்துப் பிரச்சினையாக மட்டும் பார்த்துவிட்டு, நிலத்தை மறந்துவிடுவது. நெடுஞ்சாலை ஓரத்தில் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதன் இரைச்சலும் தூசியும்தான். அந்தக் குறைந்த வாடகையை நம்பியே பழைய இரும்புக் கடையும், மிதிவண்டி பழுது பார்ப்பவரும், இரவுச் சாப்பாட்டுக் கடையும் பிழைக்கிறார்கள். இரைச்சல் போனதும் வாடகை ஏறும். அப்போது வெளியேற வேண்டியவர்கள், இரைச்சலை இத்தனை ஆண்டுகள் சகித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

சியோலைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. 2005 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட 5.8 கிலோமீட்டர் நீள ஓடை அழகானது என்பதில் ஐயமில்லை. அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் இறைத்து விடப்படுவது என்பது வேறு விஷயம். அந்தச் சாலையோரம் விற்றுக்கொண்டிருந்த தெருவோர வியாபாரிகள் தொங்டேமுன் விளையாட்டரங்கத்துக்குள் மாற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளிலேயே, வடிவமைப்பு வளாகம் கட்டுவதற்காக அந்த விளையாட்டரங்கமும் இடிக்கப்பட்டு, அவர்கள் இரண்டாம் முறையும் எழுப்பப்பட்டார்கள். ஓடைக்கரைக் கடைக்காரர்களுக்கு நகரின் தென்கிழக்கு ஓரத்தில் பெரிய வணிக வளாகம் கட்டித் தரப்பட்டது. அதன் விலையும் தொலைவும் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. திட்டத்தை நடத்திய மேயர் லீ மியோங்-பாக் 2008-இல் நாட்டின் அதிபரானார்.

சான் பிரான்சிஸ்கோவில் அரசியல் எதிர்த்திசையில் சென்றது. எம்பார்கடேரோ சாலை போனால் தங்கள் கடைகளுக்கு வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள் என்று சீனர் குடியிருப்பின் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இடிப்பதில் உறுதியாக நின்ற மேயர் ஆர்ட் அக்னோஸ் 1991 தேர்தலில் தோற்றார். அந்த வணிகர்களுக்கு ஈடாகப் பேசப்பட்ட சுரங்க ரயில்பாதை திறக்கப்பட்டபோது ஆண்டு 2022. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு வாக்குறுதிக்காகக் காத்திருக்கும் சக்தி எந்தச் சிறு கடைக்காரருக்கு உண்டு? ஈடு என்பது முதல் செங்கல் பெயர்க்கப்படுவதற்கு முன்பே கைக்கு வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நிலத்தின் விலை உடனே ஏறி நகராட்சி செழித்துவிடும் என்று கணக்குப் போடுவதும் பிழையே. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2002-இல் இடிக்கத் தொடங்கிய பார்க் ஈஸ்ட் நெடுஞ்சாலையின் நிலத்தில் பெரும்பகுதி பத்தாண்டுகளுக்கு மேல் வெறுமையாகவே கிடந்தது. 2018-இல் அங்கே கூடைப்பந்து அரங்கம் திறக்கப்பட்ட பிறகே அதன் முகம் மாறியது.

நம் நாட்டில் இதற்கொரு சட்ட இடைவெளியும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த இடத்தில் பிழைப்பு நடத்தும் வாடகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது நிலம் எடுக்கப்படும்போது செயல்படும் சட்டம். நெடுஞ்சாலையை அகற்றும்போது யாருடைய நிலமும் எடுக்கப்படுவதில்லை. அரசு நிலம் காலியாகிறது, அவ்வளவே. வாடகை உயர்ந்து கடையை இழப்பவர் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் பாதிக்கப்பட்டவராகத் தெரியமாட்டார். ஆகவே அவருக்கான பாதுகாப்பைத் திட்ட ஆவணத்திலேயே எழுதி வாங்க வேண்டும்: காலியாகும் நிலத்தில் கட்டப்படும் கடைகளில் இத்தனை, ஏற்கெனவே அங்கிருப்பவர்களுக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு, இந்த வாடகையில் என்று. தெருவோர வியாபாரிகளுக்கு மட்டும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு உரியது. கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக்கூடாது. இடமாற்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கணக்கெடுப்பில் பெயர் இல்லாதவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைப்பது அரிது என்பதால், மேம்பாலம் பற்றிய பேச்சு எழுந்த நாளிலேயே அந்தக் கணக்கெடுப்பைக் கேட்க வேண்டும்.

சாலை யார் கைக்குப் போகும் என்பதையும் முன்கூட்டியே தீர்க்க வேண்டும். புறவழிச்சாலை வந்த பிறகு ஊருக்குள் இருக்கும் பழைய நீட்சி மாநிலத்திடமோ உள்ளாட்சியிடமோ வந்து சேரும். சிறு நகராட்சிக்கு நான்குவழி அகலச் சாலையையும் அதன் வடிகாலையும் பராமரிக்கும் வருவாய் இராது. பாலம் போய், கீழே அதே அகலத்தில் அதே வேகத்தில் வண்டிகள் ஓடினால், பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்பைவிட ஆபத்தே மிஞ்சும். நடைபாதை, கடக்கும் இடம், பேருந்து நிற்கும் இடம், மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கான பணம் இடிக்கும் மதிப்பீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, எல்லையில் வாழ்கிறவர்களுக்கே உரிய தவறு ஒன்று: புரியாத மொழியில் வந்த ஆவணத்துக்கு வாய்மொழி விளக்கத்தை நம்பிக் கையெழுத்திடுவது. கையகப்படுத்தல் அறிவிப்புகளும் சமூகத் தாக்க மதிப்பீடும் உள்ளூர் மொழியில் வெளியிடப்பட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வாழும் தமிழர்களுக்கு, அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும்போது ஆட்சேபத்தை எழுதியே கொண்டு போய், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். கடை எண், எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறீர்கள், மாத வாடகை, கொடுத்த முன்பணம், வேலை செய்யும் ஆட்கள் ஆகிய ஐந்தும் அந்த மனுவில் இருக்கட்டும். வாடகைச் சீட்டு இல்லாதவர் மின்கட்டண ரசீதையாவது சேர்த்து வைக்கட்டும்.