காய்கறி, பழம் உலர்த்துவது எப்படி: விரலைவிடத் தராசை நம்புங்கள்

உலர்த்திய துண்டு கையில் மொறுமொறுவென்று இருக்கும். ஜாடியில் போட்டு மூடினால் மூன்றே வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். முதல்முறை செய்பவர்களில் பலர் இதோடு உலர்த்துவதையே விட்டுவிடுகிறார்கள். மேலே காய்ந்தும் உள்ளே ஈரம் நின்றதுதான் காரணம். அது ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது என்பதற்குத்தான் இந்த விளக்கத்தில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கருவி

மின் உலர்த்தி வாங்குவதென்றால் விசிறி பின்பக்கம் இருப்பதை வாங்குங்கள். காற்று எல்லாத் தட்டுகளிலும் ஒரே மாதிரி பாயும். விசிறி அடியில் இருக்கும் அடுக்கு உலர்த்தியில் கீழ்த்தட்டு காய்ந்து கருகும்போது மேல்தட்டு ஈரமாகவே கிடக்கும், தட்டுகளை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்க முடியாத உலர்த்தி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். திருகில் அச்சடித்திருக்கும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள், ஐந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம்.

இதைவிட முக்கியமானது, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தராசை வாங்கிவிட்டு, கேக் சுடும் அவனிலேயே (oven) உலர்த்துங்கள். அவன் கதவைக் கைப்பிடி அகலம் திறந்து வைத்தால் ஈரக்காற்று வெளியேறும்.

நறுக்குவது

6 மி.மீ. கனம். அதைவிட முக்கியம், எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பது. ஒரே தட்டில் 4 மி.மீ. துண்டும் 9 மி.மீ. துண்டும் கிடந்தால் மெல்லியது காய்ந்ததைப் பார்த்து எல்லாமே காய்ந்ததாக நினைத்துவிடுவோம். சீவும் பலகை இருந்தால் நல்லது, கைக்காப்பு இல்லாமல் மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

ஆப்பிள், வாழைப்பழம் போல நறுக்கியதும் கறுக்கும் பழங்களை எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடியுங்கள்.

கேரட், பீன்ஸ் போன்றவற்றைக் கொதிநீரில் போட்டு எடுக்காமல் உலர்த்தக் கூடாது. காயில் உள்ள நொதிகள் உலர்ந்த பிறகும் வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். கேரட் வில்லைக்கு 3 முதல் 4 நிமிடம், பீன்ஸுக்கு 2 நிமிடம். எடுத்ததும் குளிர்ந்த நீரில் முக்கி, துணியில் ஒற்றி எடுங்கள். தக்காளி, வெங்காயம், காளான், குடமிளகாய்க்கு இது தேவையில்லை.

வெப்பநிலை: எல்லாரும் சறுக்கும் இடம்

காய்க்கும் பழத்துக்கும் 57 டிகிரி செல்சியஸ். மூலிகை இலைகளுக்கு 35 முதல் 45 வரை.

சீக்கிரம் முடியட்டும் என்று 70-இல் வைத்தால் என்ன ஆகும்? துண்டின் நடுவிலிருந்து ஈரம் மேலே வந்து சேரும் வேகத்தைவிட மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் வேகம் கூடிவிடும். மேல்பரப்பு இறுகி ஓடுபோல் மூடிக்கொள்ளும். அதன்பின் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் உள் ஈரம் வெளியே வராது. தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். சந்தேகம் வந்தால் கனமான துண்டு ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் நிறம் அடர்ந்து, பளபளப்பாக ஓர் ஈரக்கோடு தெரிந்தால் ஓடு கட்டிவிட்டது என்று அர்த்தம்.

அப்போதே கவனித்துவிட்டால் காப்பாற்றலாம். துண்டுகளை மூடிய டப்பாவில் போட்டு ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உள் ஈரம் பரவி மேல்பரப்பு இளகும். மறுநாள் 55 டிகிரியில் மறுபடி உலர்த்துங்கள்.

தராசுக் கணக்கு

உலரும்போது போவது தண்ணீர் மட்டும்தான், திடப்பொருள் அப்படியே இருக்கும். தக்காளியில் ஏறக்குறைய 94 சதவீதம் தண்ணீர். நறுக்கிய தக்காளி 1000 கிராம் என்றால் திடப்பொருள் 60 கிராம். காயில் 10 சதவீத ஈரம்தான் மிஞ்சலாம், ஆகவே 60-ஐ 0.9-ஆல் வகுத்தால் 67 கிராம். அந்த எடைக்கு வரும்வரை உலர்த்தி அணையக் கூடாது.

பழத்தில் 20 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம், சர்க்கரையும் புளிப்பும் காப்பாற்றும். ஆப்பிளில் சுமார் 86 சதவீதம் தண்ணீர். 1000 கிராமில் திடப்பொருள் 140, அதை 0.8-ஆல் வகுத்தால் 175 கிராம்.

எடையைத் தோல், விதை நீக்கி நறுக்கிய பிறகே எடுக்க வேண்டும். தட்டின் எடையை முதலிலேயே குறித்து வைத்தால் தட்டோடு நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். ரகத்துக்கு ரகம் நீரளவு கொஞ்சம் மாறும். அதனால் கணக்கிட்ட எடையை நெருங்கியதும் நான்கைந்து துண்டுகளை எடுத்து, ஆறவிட்டுச் சோதியுங்கள். சூடாக இருக்கும்போது எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். காய் ஒடிய வேண்டும். பழத்தை மடித்தால் ஒட்டக் கூடாது, பிய்த்தால் ஈரம் கசியக் கூடாது.

கணக்கு 67 சொல்கிறது, தராசு 95 காட்டுகிறது, எடையும் இறங்கவில்லை என்றால் மேலே சொன்ன ஓடுதான். துண்டை வெட்டிப் பாருங்கள்.

ஜாடியில் ஒரு வாரம்

உலர்ந்ததும் நேராகச் சேமிப்புக்குப் போகக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் தளர்வாக நிரப்பி மூடுங்கள். 7 முதல் 10 நாள் வரை தினமும் குலுக்குங்கள். சற்று ஈரமான துண்டின் ஈரத்தை நன்கு காய்ந்த துண்டு இழுத்துக்கொண்டு எல்லாம் ஒரே நிலைக்கு வரும். ஜாடியின் உட்புறம் நீர்த்துளி தெரிந்தால் அத்தனையும் திரும்ப உலர்த்திக்கு. பூஞ்சணம் தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளாதீர்கள், ஜாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பிறகு இருட்டான, குளிர்ந்த இடம். சின்னச் சின்ன ஜாடிகளே நல்லவை, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்றிலுள்ள ஈரம் உள்ளே போகிறது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

திராட்சை நாள்கணக்கில் காயவில்லை என்றால் தோலின் மெழுகுப் படலம்தான் தடுக்கிறது. கொதிநீரில் 30 முதல் 60 விநாடி போட்டு எடுத்தால் தோல் வெடித்து ஈரத்துக்கு வழி கிடைக்கும்.

வெயிலில் காயவைப்பவர்களுக்கு: வெப்பம் 30 டிகிரிக்கு மேல், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், இரவில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். பூச்சி முட்டை இருக்கலாம், ஆகவே காய்ந்தபின் மைனஸ் 18 டிகிரி உறைநிலையில் 48 மணி நேரம் வையுங்கள், அல்லது அவனில் 70 டிகிரியில் 30 நிமிடம்.

ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்தைப் பழ ஜாடியில் போடலாமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம். ஈரம் 10 சதவீதத்துக்குக் குறைந்த பொருளுக்குத்தான் அது. ஈரம் மிஞ்சிய உணவில் ஆக்சிஜனையும் எடுத்துவிட்டால், காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் கிருமிக்கு நாமே இடம் கொடுத்ததாகும். உலர்ந்த தக்காளியைப் பூண்டோடு எண்ணெயில் போட்டு வெளியே வைப்பதிலும் இதே ஆபத்துதான். எண்ணெயில் வேண்டுமென்றால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.