பாஸ்கெட்பால் கோர்ட்டிலிருந்து வார்டுக்கு: டெபாசிட் இழந்தவன் சொல்லும் வழி

கல்லூரியில் நாலு வருடமும் கோயம்புத்தூரில் பாஸ்கெட்பால் ஆடினேன். ஆறடி மூன்றங்குலம், கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் சென்டர். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். எனக்குத் திரும்பவில்லை. "அண்ணா, நானும் நிக்கலாம்னு இருக்கேன்" என்று ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால், எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதல் வேலை, வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்து உன் ரசிகர்களை எண்ணு. பைனலில் என் பேரைச் சொல்லிக் கத்திய கூட்டத்தில் என் வார்டில் ஓட்டு இருந்தவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் பெங்களூரில் வேலை. கோயம்புத்தூரில் 100 வார்டுகள், ஒரு வார்டுக்குச் சராசரியாகப் பதினைந்தாயிரம் ஓட்டு. கணக்கு புரிகிறதல்லவா?

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும், அந்த மாநகராட்சிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வார்டுகளில் பாதி பெண்களுக்குப் போய்விடும், பட்டியல் இனத்தவர்க்கான வார்டுகள் தனி. ஒதுக்கீட்டு அறிவிப்பு வருவதற்கு முன்பே "நம்ம வார்டுல நான்தான்" என்று பேனர் அடிக்காதே. மாநகராட்சிக்கு டெபாசிட் அப்போது 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 2,000. அடுத்த முறை மாறலாம், அறிவிப்பைப் பார்த்துக்கொள். வேட்புமனுவில் உன்னை முன்மொழிபவரின் பாகம் எண், வரிசை எண்ணைப் புதிய வாக்காளர் பட்டியலில் சரிபார். நான் பழைய பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டு போய், கடைசி நாள் மதியம் வியர்வையோடு வீட்டுக்கு ஓடி வந்தேன். கல்லூரியில்கூட அப்படி பாஸ்ட் பிரேக் ஓடியதில்லை.

சுயேச்சையின் பெரிய தலைவலி சின்னம். அந்த முறை வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் பிப்ரவரி 7. அதற்குப் பிறகுதான் சின்னம். 17-ம் தேதி மாலையோடு பிரசாரம் முடிந்தது. இடையில் பத்து நாள்! கட்சிக்காரருக்கு அந்தக் கவலையே கிடையாது, அவர் சின்னம் ஊருக்கே மனப்பாடம். எனக்கு வைரம் கிடைத்தது. துண்டறிக்கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு பாட்டி, "ஏங்கண்ணு, இதென்ன கல்கண்டா?" என்றார். அன்றிலிருந்து நானே "கல்கண்டு மாதிரி இருக்கும் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். எந்தச் சின்னம் வந்தாலும், பார்ப்பவர் வாயில் என்ன வருகிறதோ அதையே நீயும் சொல்.

அப்புறம் உயரம். அது நமக்குப் பலம் என்று நினைத்திருந்தேன். ஓடு போட்ட வீடுகளின் வாசல் நிலையில் மூன்று முறை நெற்றியில் அடிபட்டதுதான் மிச்சம். திண்ணையில் இருப்பவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு தன் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடு. உட்கார்ந்த வீடுகளில்தான் எனக்குப் பேச்சே நடந்தது.

அப்படி உட்கார்ந்த ஒரு வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். பூங்காவுக்கு என்று விட்ட இடத்தில் பாஸ்கெட்பால் கோர்ட் கொண்டு வருவேன் என்றேன். அந்த அக்கா குடத்தைக் கீழே வைத்தார். "அது இருக்கட்டுங்க தம்பி. நம்ம தெருவுல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு தெரியுமாங்க?" எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது அம்மா. அந்த இடத்திலேயே நான் தோற்றுவிட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆகவே தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பே ஒரு நோட்டு போடு. தெருவுக்கு ஒரு பக்கம். தண்ணீர் வரும் நாள், எரியாத விளக்குக் கம்பத்தின் எண், சாக்கடை அடைக்கும் இடம். எதிரணியில் யார் எந்தப் பக்கம் திரும்பி ஷூட் பண்ணுவான் என்று குறித்து வைத்தோமே, அதே வேலைதான். வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் போய் உட்கார்ந்து அந்த நோட்டைத் திற. அமெரிக்காவில் கெவின் ஜான்சன் என்று ஒருவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு பாஸ்கெட்பால் ஆடி, அங்குள்ள தொழில்முறை லீக்கான என்பிஏ போனவர். பிறந்த ஊரான சாக்ரமென்டோவில் தன் பேட்டைப் பிள்ளைகளுக்காக 1989-லேயே ஓர் அமைப்பு தொடங்கினார். அங்கே மேயரானது 2008-ல். அவருக்கே அத்தனை வருடம்.

வாக்குச்சாவடிக்கு ஏஜென்ட்டாக டீம் நண்பர்களைப் போடாதே. ஓட்டுப் போட வருபவரின் முகம் தெரிந்த உள்ளூர்க்காரர் வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. 2022-ல் கோவைக்குச் செலவு வரம்பு 85,000 ரூபாய். ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு கொடுத்தாக வேண்டும். விட்டால் மூன்று வருடம் நிற்க முடியாமல் போகலாம். பில்லை அன்றன்றைக்கே வாங்கு. நான் டீக்கடையில் வாங்க மறந்து, தேர்தல் முடிந்தபின் போய் நின்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்: "உயரமான தம்பி, டீ 212."