புகார் நியாயம்தான் என்று முடிவான பிறகு கவுன்சில்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பின்) புகார்ப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்கிவிடும் பொறுப்பும் என்னிடம்தான் வரும். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. எல்லோருமே கெட்டிக்காரர்கள். ஆனாலும் இந்தப் பிரிவில் முன்பிருந்தவர்கள் எங்கே சறுக்கினார்களோ அதே இடத்தில் இவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதில் கடிதத்தில் பெயரைப் பிழையாக எழுதுவது, கெடு தாண்டுவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. அவையெல்லாம் முதல் மாதத்திலேயே பிடிபட்டுவிடும். கெடு விஷயத்தில் குழப்பமும் இல்லை. கவுன்சில்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேன் என்ற அமைப்பு 2024 பிப்ரவரியில் வெளியிட்ட புகார் கையாளும் நெறிமுறைப்படி, புகார் கிடைத்ததாக ஒப்புதல் அனுப்பியதிலிருந்து முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலை நாள், இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலை நாள். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடப்பதை. "ஆமாம், தவறு கவுன்சில் மேல்தான்" என்று முடிவான பிறகு நாம் என்ன செய்கிறோம்?

இந்த ஏற்பாடு பரிச்சயமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலின் இரண்டு கட்டப் பதிலிலும் திருப்தி இல்லாதவர், உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அமைப்பு இது, இங்கிலாந்துக்கு மட்டும். கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களின் ரிப்பேர் புகார்களைப் பார்ப்பது ஹவுசிங் ஓம்புட்ஸ்மேன் என்ற வேறு அமைப்பு. ஓம்புட்ஸ்மேன் விரிவாக விசாரித்த புகார்களில் 2022-23-இல் 74 சதவீதத்திலும் 2023-24-இல் 80 சதவீதத்திலும் கவுன்சில்கள் மேல் தவறு இருந்தது. அதாவது விசாரணை வரை போய்விட்டால், தவறு நம் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓம்புட்ஸ்மேனின் பரிந்துரைக்குச் சட்டக் கட்டாயம் இல்லை என்றாலும் ஏறக்குறைய எல்லாப் பரிந்துரைகளையும் கவுன்சில்கள் ஏற்றுக்கொள்கின்றன. அந்தப் பரிந்துரைகள் இரண்டு வகை. ஒன்று, பாதிக்கப்பட்டவருக்கு மன்னிப்பு, இழப்பீடு. இன்னொன்று, இனி யாருக்கும் இப்படி நடக்காமல் சேவையையே திருத்துவது. முதலாவதை ஓடி ஓடிச் செய்வோம். இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறோம்.

"ஊழியர்களுக்கு நினைவூட்டப்பட்டது"

இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தவறு உறுதியான கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த வரியோடுதான் முடிகின்றன. எழுத ஒரு நிமிடம் போதும். மேலாளர் உடனே ஒத்துக்கொள்வார். செலவும் கிடையாது. ஆனால் இதைவிட அதிகம் செலவு வைக்கிற வரியை நான் பார்த்ததில்லை.

குப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள், உடம்புக்கு முடியாதவர்களுக்காக 'அசிஸ்டட் கலெக்‌ஷன்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஊழியர்களே வீட்டுப் பக்கத்துக்கு வந்து தொட்டியை எடுத்து, கொட்டிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். வாக்கர் பிடித்து நடக்கிற, தனியாக வசிக்கிற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இந்தப் பட்டியலில் இருந்தார். சில வாரம் ஒழுங்காக எடுப்பார்கள், பிறகு ஒரு வாரம் விட்டுவிடுவார்கள். அவர் புகார் கொடுப்பார். தவறுதான் என்று ஒத்துக்கொண்டு கடிதம் போகும், கடைசி வரியில் ஊழியர்களுக்கு நினைவூட்டப்பட்டது என்று இருக்கும். மறுபடி சில வாரத்தில் அதே கதை. ஒருநாள் என்னிடம் போனில் சொன்னார்: "பிள்ளை, மன்னிப்புக் கடிதம் மட்டும் ஒழுங்கா வருது. குப்பை பின்னை எடுக்க ஒருத்தரும் வரேல்லை."

கோப்பைப் புரட்டினால் ஒவ்வொரு முறையும் நினைவூட்டல் உண்மையாகவே போயிருந்தது. யாரும் பொய் எழுதவில்லை. டிப்போ மேலாளருக்கு மெயில், அவர் காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் நடக்கும் 'டூல்பாக்ஸ் டாக்'கில் ஒரு வார்த்தை, அதைக் கேட்டதாக ஊழியர்களின் கையெழுத்து, எல்லாம் இருந்தன. அப்படியும் ஏன் நடக்கிறது என்று பார்க்க, ஒரு சூப்பர்வைசரும் நானும் காலையில் அந்த வண்டியிலேயே ஏறிப் போனோம்.

வண்டிக்குள் டிரைவர் பக்கத்தில் ஒரு டேப்லெட். அதில் தெரு வரைபடம். அசிஸ்டட் வீடுகளுக்கு ஒரு சின்ன அடையாளம் உண்டு, ஆனால் வரைபடத்தைப் பெரிதாக்கினால்தான் அது கண்ணில் படும். வழக்கமான டிரைவருக்கு அது தேவையே இல்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் லீவில் போனால் ஏஜென்சி ஆட்கள் வருவார்கள். அவர்கள் அந்த டூல்பாக்ஸ் டாக்கில் இருந்ததே இல்லை. வாசலில் தொட்டி இல்லை என்றால் 'நாட் பிரசன்டட்' பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதாவது, அந்த அம்மா தொட்டியை வெளியில் வைக்கவில்லை என்று பதிவாகிவிடும். அவர் போன் செய்யும்போது கால் சென்டர் திரையிலும் அதுதான் தெரியும். உங்கள் மேல்தான் தவறு என்கிற மாதிரி பேசி வைத்துவிடுவார்கள். அத்தனை நினைவூட்டலும் போனது தவறு செய்யாத டிரைவருக்கு. தவறு நடந்த இடத்தை ஒரு நினைவூட்டல்கூடத் தொடவில்லை.

கடைசியில் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. அசிஸ்டட் வீடாக இருந்தால் 'நாட் பிரசன்டட்' பொத்தான் வேலை செய்யாது, சூப்பர்வைசரைக் கூப்பிட்டால்தான் அடுத்த வீட்டுக்கு நகர முடியும். மாற்று ஊழியர்கள் வரும் நாளில் அந்த வீடுகளின் பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுப்பது. மூன்று மாதத்துக்கு வாராவாரம் சூப்பர்வைசரே சரிபார்ப்பது. இதை முதல் புகாரிலேயே செய்திருக்கலாம். அந்த அம்மா அத்தனை வாரம் நாற்றத்தோடு இருந்திருக்க வேண்டியதில்லை.

அதனால், தவறு உறுதியானதும் புதியவர்களை நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: தெரியாமல் நடந்ததா, தெரிந்தும் முடியாமல் நடந்ததா, தெரிந்தே இப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறார்களா? தெரியாமல் நடந்ததற்கு மட்டும்தான் பயிற்சியும் நினைவூட்டலும் மருந்து.

முடியாமல் நடப்பதற்கு உதாரணம் இ.எச்.சி.பி. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான அந்தத் திட்டத்தை, விண்ணப்பம் வந்ததிலிருந்து 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். தாமதமாகும் பல இடங்களில் காரணம் கல்வி உளவியலாளர் கிடைக்காததுதான். அந்தக் கெடு அந்த அலுவலகத்தில் யாருக்குத் தெரியாது? அவர்களுக்குப் போய்க் கெடுவை நினைவூட்டி என்ன ஆகப்போகிறது? அங்கே தேவை ஆள், பணம், காத்திருப்போர் வரிசையை யார் எந்த முறையில் பார்க்கிறார் என்ற கணக்கு. அந்த முடிவை எடுக்கக்கூடியவர் இயக்குநர். மெயிலை அவருக்குப் போடுங்கள்.

மூன்றாவது வகை இன்னும் மோசம். வீடு இழக்கப் போகிறவரிடம், வீட்டைக் காலி செய்யவைக்கும் நீதிமன்ற அலுவலரான பெய்லிஃப் வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே இருங்கள் என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் பல கவுன்சில்களில் இருந்திருக்கிறது. அப்படி வழக்கமாகச் செய்யக்கூடாது என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. வீடற்றோர் குறைப்புச் சட்டம் 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிறகு எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் கணினியில் இருக்கும் கடித மாதிரியில் பழைய வாசகம் அப்படியே கிடந்தால்? பயிற்சியிலிருந்து திரும்பி வந்தவர் அதே கடிதத்தைத்தான் அச்சடிப்பார்.

போன மாதம் ஒரு பிள்ளை வந்து, "அக்கா, மெயில் போட்டாச்சு, கேஸை க்ளோஸ் பண்ணிடவா?" என்று கேட்டாள். "யாருக்கும்மா போட்ட? அந்த வேலையைச் செய்யறவங்களுக்கு கவுன்சில் மெயில் இருக்கான்னு பாத்தியா?" என்றேன். பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். படிவத்தில் "எடுத்த நடவடிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "அது பலித்ததா?" என்று கேட்கிற கட்டம் இல்லை. இப்போது எங்கள் படிவத்தில் அதையும் சேர்த்திருக்கிறோம்: மூன்று மாதம் கழித்து யார், எத்தனை கோப்பை எடுத்துப் பார்ப்பார் என்று எழுதாமல் கேஸை மூட முடியாது.

ஒருவர் புகார் செய்தால் பாதிப்பும் ஒருவருக்குத்தான் என்று நினைப்பது

புகார் எழுதத் தெரிந்தவர் எழுதிவிடுகிறார். மொழி தெரியாதவர், பயப்படுகிறவர், கவுன்சிலைப் பகைத்துக்கொண்டால் இருக்கிற உதவியும் போய்விடுமோ என்று நினைக்கிறவர் எழுதுவதில்லை. நம் ஆட்களில் இப்படி எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

பராமரிப்புக் கட்டணத்தை ஒரு முதியவருக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு விட்டுவிடக் கூடாது. அதே கணக்கு முறையில் பில் போன மற்ற எல்லோரையும் தேட வேண்டும். விசாரணையின்போது வேறு ஆட்களும் பாதிக்கப்பட்டிருப்பது தெரியவந்தால் அதையும் விசாரிக்க ஓம்புட்ஸ்மேனுக்கு 1974 சட்டத்தின் 26டி பிரிவில் அதிகாரம் உண்டு. அவர் கேட்ட பிறகு தேடுவதைவிட நாமே தேடிப் போவது மேல். நிதித் துறை, "எவ்வளவு செலவாகும் தெரியுமா?" என்று தடுக்கப் பார்க்கும். அந்தப் பணம் கவுன்சிலுடையது அல்ல என்பதைப் பொறுமையாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

காண்ட்ராக்டர் மேல் பழி போடுவது

வேலையை வெளியில் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது.

இழப்பீட்டில் பேரம் பேசுவது

தொகைகளுக்கு ஓம்புட்ஸ்மேனின் வழிகாட்டி வெளிப்படையாக இருக்கிறது. ஒரு பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி உதவி கிடைக்காமல் போன ஒவ்வொரு டேர்முக்கும் 900 முதல் 2,400 பவுண்டு வரை என்று அதில் போட்டிருக்கும்போது, 200 பவுண்டு தருகிறோம் என்று தாய்க்கு எழுதுவது அவரை அவமதிப்பது. அவரும் அந்த வழிகாட்டியைப் படித்திருப்பார்.

ஆதாரம் இல்லாமல் "முடித்துவிட்டோம்" என்பது

மன்னிப்புக் கடிதத்தின் நகல், திருத்திய கடித மாதிரி, குழுக் கூட்டத்தின் குறிப்பு எல்லாவற்றையும் அன்றன்றே கோப்பில் போடுங்கள். ஓம்புட்ஸ்மேன் ஆதாரம் கேட்ட கெடுவுக்கு முந்தின நாள் தேடினால் கிடைக்காது.

புகார் குறைந்துவிட்டது என்று மகிழ்வது

ஒவ்வொரு ஜூலையிலும் ஓம்புட்ஸ்மேனிடமிருந்து கவுன்சிலுக்கு ஆண்டுக் கடிதம் வரும். 2019-லிருந்து எந்தக் கவுன்சில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வரைபடமாகவே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: விசாரித்ததில் எத்தனை சதவீதம் தவறு என்று உறுதியானது, பரிந்துரைகளை நிறைவேற்றினோமா, ஓம்புட்ஸ்மேனிடம் போவதற்கு முன்பே நாமே சரியான நிவாரணம் கொடுத்திருந்தோமா.

மூன்றாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்த எண் உயர்ந்தால் நம் பிரிவு நேர்மையாக வேலை செய்கிறது என்று நம்பலாம். புகார் எண்ணிக்கை குறைவதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. படிவத்தை இணையதளத்தில் மூன்று பக்கம் உள்ளே தள்ளி வைத்தால் அடுத்த மாதமே எண்ணிக்கை குறைந்துவிடும்.

முடிவைப் பிரிவுக்குள்ளேயே வைத்துக்கொள்வது

ஓம்புட்ஸ்மேன் தவறு கண்டால் கவுன்சிலர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை, 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சில் சட்டப்படி நடக்கிறதா என்று கவனிக்கும் அதிகாரியான மானிட்டரிங் ஆபீசருக்கு உண்டு. புதிய நெறிமுறையும், புகார்களுக்கென்று பொறுப்பான ஒரு கவுன்சிலரை வைத்துக்கொள்ளவும், எதைத் திருத்தினோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடவும் சொல்கிறது. அந்த அறிக்கையில் "பாடம் கற்றுக்கொண்டோம்" என்று எழுதாதீர்கள். எந்தக் கடிதம் மாறியது, எந்தப் பொத்தான் மாறியது, யாருக்குப் பணம் திரும்பப் போனது என்று எழுதுங்கள். கவுன்சிலின் வேலையை ஆராய்ந்து கேள்வி கேட்கும் ஸ்க்ரூட்டினி கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலருக்குக் கேள்வி கேட்க அப்போதுதான் ஏதாவது கையில் இருக்கும்.

அடுத்த கவுன்சிலின் தவறைப் படிக்காமல் விடுவது

புகார் கொடுத்தவரின் பெயர் இல்லாமல் ஓம்புட்ஸ்மேனின் முடிவுகள் 2013-லிருந்து இணையத்தில் வெளியாகின்றன. தலைப்பு வாரியாகவும் கவுன்சில் வாரியாகவும் தேடலாம். புதியவர்களுக்கு நான் கொடுக்கிற முதல் வேலை இதுதான்: வீடற்றோர், சிறப்புக் கல்வி, பராமரிப்புக் கட்டணம் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, வேறொரு கவுன்சில் மாட்டிக்கொண்ட முடிவைப் படிக்க வேண்டும். பிறகு நம் கவுன்சிலின் கடித மாதிரிகளைத் திறந்து அதே வாசகம் அங்கே இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் யாரும் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே அந்தத் துறை மேலாளரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.